கூப்பனை யாருக்கு அனுப்புறது? கேள்வி பதில்

கே: சார், எங்க மாடல் யார் வாங்குவாங்கன்னு சூப்பரா சொல்லுது, டாப் ஸ்கோர் வந்தவங்களுக்கு கூப்பன் அனுப்புறோம். சரிதானே?

ப: கூப்பன் இல்லாமலே வாங்கியிருப்பாங்களே! வாங்கற வாய்ப்பு அனுப்பினா 40%, அனுப்பாட்டியும் 39%னு இருக்கறவருக்கு தள்ளுபடி கொடுக்கறது தண்டச்செலவு, 3%ல இருந்து 8%க்கு ஏறுறவரதான் தேடணும், இந்த ஏத்தத்துக்குப் பேர்தான் அப்லிஃப்ட். இன்னும் சிலர் இருக்காங்க, சந்தாவையே மறந்து கிடப்பாங்க, நம்ம மெசேஜ பாத்ததும் ஞாபகம் வந்து கேன்சல் பண்ணிடுவாங்க, அவங்க பக்கமே போகாதீங்க.

கே: ஒரே ஆளுக்கு அனுப்பியும் அனுப்பாமலும் பாக்க முடியாதே, அப்ப மாடல் எத வெச்சு கத்துக்கும்?

ப: அதான் மொத்த சிக்கலும். அதனாலதான் குலுக்கல் மாதிரி ஆளுங்கள பிரிக்கறது. கெவின் ஹில்ஸ்ட்ராம் 2008ல வெளியிட்ட ஈமெயில் டேட்டாவ எடுத்துக்கோங்க, 64,000 பேர், மூணுல ஒரு பங்குக்கு ஆண்கள் ஐட்டம் மெயில், ஒரு பங்குக்கு பெண்கள் ஐட்டம் மெயில், மீதிக்கு ஒண்ணுமே போகல. ஆண்கள் மெயில் போனவங்கள்ல 18.3% பேர் சைட்டுக்கு வந்தாங்க, மார்க்கெட்டிங் டீம் இத வெச்சே பார்ட்டி கொண்டாடிடும், ஆனா மெயிலே போகாதவங்கள்லயும் 10.6% வந்திருக்காங்க, அப்ப மெயிலோட வேலை 7.7 பாயிண்ட்தான். இந்த வித்தியாசம் எந்த மாதிரி ஆளுகிட்ட பெருசு, எங்க சிறுசுன்னு கண்டுபிடிக்கறதுதான் மாடலோட வேலை.

கே: எந்த அல்காரிதம் போடலாம்?

ப: முதல்ல டி-லேர்னர், அனுப்பினவங்களுக்கு ஒரு மாடல், அனுப்பாதவங்களுக்கு ஒண்ணு, ரெண்டையும் கழிச்சிடுங்க. கண்ட்ரோல் குரூப், அதாவது அனுப்பாம விட்டவங்க, ரொம்ப சின்னதுன்னா எக்ஸ்-லேர்னர், ஒரு குரூப்ல கத்துக்கிட்டத வெச்சு இன்னொரு குரூப்போட வித்தியாசத்த கணிக்கற முறை. வித்தியாசம் எங்க பெருசுன்னு நிறைய முடிவு மரங்கள வெச்சு தேடற காஸல் ஃபாரஸ்ட்டும் நல்லது. ஆனா டேட்டா சொதப்பல்னா எதுவும் காப்பாத்தாது.

கே: கண்ட்ரோல் குரூப்பே இல்லண்ணே, பழைய கேம்பெய்ன் டேட்டா மட்டும் இருக்கு.

ப: யாருக்கு அனுப்பணும்னு அப்ப யார் முடிவு பண்ணாங்க? நல்ல கஸ்டமரா பொறுக்கி அனுப்பியிருந்தா மெயில் மந்திரம் போட்ட மாதிரி தெரியும். பதிவான காரணங்கள மட்டும்தான் ப்ரொபென்ஸிட்டி ஸ்கோர் (ஒருத்தருக்கு மெயில் போக எவ்ளோ வாய்ப்பு இருந்துச்சுங்கற கணக்கு) வெச்சு சரிக்கட்டலாம், சேல்ஸ்காரர் மனசுல இருந்தத முடியாது. வாங்குவாங்கங்கற ஸ்கோர் 70க்கு மேல இருந்த எல்லாருக்கும் அனுப்பிட்டீங்கன்னா ஒப்பிட ஆளே கிடையாது. அடுத்த தடவ 10% பேர ரேண்டமா விட்டு வைங்க, மேனேஜர் கத்துவார், கத்தட்டும்.

கே: ஏயூசி 0.85 வருது, போதுமா?

ப: அது யார் வாங்குவாங்கங்கறதுக்கான மார்க்கு, இங்க உதவாது. மாடல் கத்துக்காம ஒதுக்கி வெச்ச டெஸ்ட் டேட்டாவ அப்லிஃப்ட் ஸ்கோர்படி வரிசைப்படுத்தி கூறு போட்டு, ஒவ்வொரு கூறுலயும் அனுப்பினவங்க கழித்தல் அனுப்பாதவங்க பாருங்க, அப்லிஃப்ட் மாடல மதிப்பிடற க்யூனி கர்வ்ங்கற வரைபடத்தோட அடிப்படை இதுதான். மேல் கூறுல வித்தியாசம் பெருசா இல்லன்னா மாடல் தேறல. ஆனா பத்து கூறு வேணாம். அதே ஹில்ஸ்ட்ராம் டேட்டால மெயில் போகாத 21,000 சொச்சம் பேர்ல வாங்கினது 0.57%தான், 120 பேர் சொச்சம், அத பத்தா பிரிச்சா ஒரு கூறுக்கு பன்னண்டு பேர் மிஞ்சுவாங்க, அதுல என்னத்த பாக்கறது? மூணு கூறு போதும்.