கொடிக்கயிறு விறைப்பா இருந்தா ஆணி ஏன் புடுங்குது? – கேள்வி பதில்

இந்த தடவை வந்ததுல பாதிக்கு மேல செங்கோட்டை, ஆரியங்காவு பக்கத்து பிளஸ் ஒன் பிள்ளைங்க எழுதுனது.

கே: 2, 3, 6 நியூட்டன் விசைங்க ஒரே புள்ளியில சமநிலைக்கு வருமா?

வராது. சமநிலைன்னா எல்லா விசையும் ஒண்ணையொண்ணு அடிச்சு பூச்சியம் ஆகணும். 2ம் 3ம் ஒரே பக்கம் சேர்ந்து இழுத்தாலும் 5தான், 6ஐ எப்படி பிடிச்சு நிறுத்தும்?

கே: பஸ் ஓடிக்கிட்டே இருந்தா சமநிலை இல்லதானே?

நேர் ரோட்ல வேகம் மாறாம ஓடுனா சமநிலைதான். தென்மலை வளைவுல திரும்பும்போது கிடையாது.

கே: லாமி தேற்றம் போட்டா விடை தப்பா வருது சார்.

படம் எங்க தம்பி? கணக்கையும் அனுப்பல, படத்தையும் அனுப்பல, நான் எதை பாத்து சொல்றது. சமநிலையில உள்ள விசைங்களையும் அதுங்களுக்கு நடுவுல உள்ள கோணங்களையும் இணைக்கிற விதிதான் லாமி. மூணே விசை, ஒரே தளம், ஒரே புள்ளி, அப்பதான் அது பொருந்தும். ஒரு விசைக்கு கீழ போடவேண்டியது மத்த ரெண்டுக்கும் நடுவுல உள்ள கோணத்தோட சைன், கிடைமட்டத்தோட உள்ள கோணம் இல்ல. நாலு விசைன்னா எக்ஸ், ஒய்னு ரெண்டு திசைக்கும் கூறு (விசையில அந்த திசைக்கு உள்ள பங்கு) பிரிச்சு கூட்டுங்க, ரெண்டும் பூச்சியம் வரணும். எதுவா இருந்தாலும் மொதல்ல படம்.

கே: கொடிக்கயிறை எவ்வளவு விறைப்பா கட்டினாலும் மழைக்காலத்துல ஆணி புடுங்கிட்டு வருதே?

விறைப்பா கட்டுறதாலதான் வருது! இதை எத்தனை வருஷமா சொல்றேன், யாரும் கேக்கமாட்டேங்கிறாங்க. 5 கிலோ ஈரப் போர்வை நடுவுல தொங்குதுன்னு வைங்க, அதை மேல தூக்குறது கயிறோட செங்குத்து கூறு மட்டும்தான், கயிறு படுக்கப் படுக்க அந்த கூறு குறையும், அதனால இழுவிசை ஏறிக்கிட்டே போகும். கயிறு கிடைமட்டத்துக்கு 30 டிகிரி சரிஞ்சிருந்தா ஒவ்வொரு பக்கமும் 5 கிலோ இழுப்பு. 10 டிகிரின்னா 14, 5 டிகிரின்னா 29, 1 டிகிரின்னா 140 தாண்டிரும். நியூட்டன்ல வேணும்னா 10ஆல பெருக்கிக்கோங்க. ஒரு ஸ்கூல் விழாவுல கம்பியை ஸ்கேல் மாதிரி நேரா இழுத்துக் கட்டி நடுவுல ஸ்பீக்கர் பாக்ஸை மாட்டிட்டாங்க, வேண்டாம்னு சொன்னேன், அரை மணி நேரத்துல கொக்கி சுவத்து பூச்சோட பேந்து வந்துச்சு, ஓட்டையில இருந்து செங்கல் பொடி கொட்டிக்கிட்டே இருந்தது, கீழ ஒரு நிமிஷம் முன்னாடி வரைக்கும் சின்ன பிள்ளைங்க உக்காந்திருந்தாங்க. கேரளாவுல புனலூர் தொங்கு பாலம் 1877ல கட்டுனது, அந்த சங்கிலி எப்படி வளைஞ்சு தொங்குதுன்னு போய் பாருங்க. 4 மீட்டர் கொடிக்கு நடுவுல 35 சென்டிமீட்டராவது தொய்வு விடுங்க.

கே: லேப்ல இணைகர விதி (ரெண்டு விசையை ஒண்ணா சேக்குற விதி) சோதனையை கப்பி வழியா எடைக்கல்லு தொங்கவிட்டு செய்யும்போது நூல் முடிச்சு ஒவ்வொரு தடவையும் வேற இடத்துல நிக்குது.

கப்பி உராய்வு. லேசா எண்ணெய் விடுங்க, முடிச்சை கொஞ்சம் நகத்தி விட்டு விட்டு பாத்து நடுவுல புள்ளி வைங்க. எடைக்கல்லு போர்டுல உரசாம தொங்கணும்.