எல்லாம் கணினியில் இருக்கும்போது அப்பாவிடம் ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்?

சிங்கப்பூரின் ஈசூன் வாசகி ஒருவரின் கேள்வி: "அப்பாவுக்கு 74 வயது. சர்க்கரைக்குப் பலதுறை மருந்தகம், இதயத்துக்கு வேறு மருத்துவமனை. சென்ற மாதம் சர்க்கரை இறங்கி மயங்கிவிட்டார். அவசரப் பிரிவில் என்ன மருந்து சாப்பிடுகிறார், எதற்கு அலர்ஜி என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டார்கள். எல்லாம் கணினியில் இல்லையா? எல்லாப் பதிவுகளையும் ஒரே கோப்பாக எடுத்துத் தருவதாக ஒருவர் பணமும் அப்பாவின் சிங்பாஸும் கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். சிங்பாஸ் என்பது அரசாங்கச் சேவைகளுக்குள் இணையத்தில் நுழைய உதவும் அடையாளக் கணக்கு. அதைக் கொடுத்தால் அவர் மருத்துவப் பதிவை மட்டுமா பார்ப்பார், அப்பாவின் மத்திய சேமநிதிக் கணக்கு வரை அதில் போகலாம். வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் பதற்றத்தில் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவோம் என்று தெரிந்தே, ஃபைல் போட்டுத் தருகிறேன், அப்பாயின்ட்மெண்ட் முந்தி வாங்கித் தருகிறேன் என்று வருகிறவர்களைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. அவர் எடுத்துத் தரப்போவதில் பெரும்பகுதியை ஹெல்த்ஹப் என்ற அரசாங்கச் சுகாதாரச் செயலியில் காசில்லாமல் பார்க்கலாம். அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவரே தம் சிங்பாஸில் நுழைந்து உங்களைப் பராமரிப்பாளராகச் சேர்க்கட்டும். விரிவான மருத்துவ அறிக்கை வேண்டுமானால் சிகிச்சை தந்த மருத்துவமனையிடமே விண்ணப்பியுங்கள். கட்டணம் உண்டு, காத்திருக்கவும் வேண்டும், ஆனால் நடுவில் ஆள் தேவையில்லை.

சரி, கணினிக்கு வருவோம். தேசிய மின்னணுச் சுகாதாரப் பதிவு 2011-இலிருந்து இருக்கிறது. அதில் இருப்பது சுருக்கம்தான்: என்ன நோய், எழுதிக் கொடுத்த மருந்துகள், பரிசோதனை முடிவுகள், அலர்ஜி, வீட்டுக்கு அனுப்பும்போது எழுதும் குறிப்பு. மருத்துவர் உட்கார்ந்து எழுதிய முழுக் குறிப்பும் அதில் வராது. பொது மருத்துவமனைகளே மூன்று குழுமங்கள், எல்லாவற்றிலும் ஒரே மென்பொருள் கிடையாது. தனியார் மருந்தகங்கள் தகவல் தருவதை எத்தனையோ ஆண்டுகள் அவர்கள் விருப்பத்துக்கே விட்டுவைத்தார்கள். இந்தச் சின்ன ஊரில் இதைச் சேர்த்து முடிக்க இவ்வளவு காலமா என்று உள்ளே வேலை பார்க்கும் எனக்கே பொறுமை போகிறது.

ஆனால் தாதி ஒவ்வொரு முறையும் பெயரும் அடையாள அட்டை எண்ணும் கேட்டு, கைப்பட்டையை ஸ்கேன் செய்துவிட்டு மருந்து கொடுப்பதில் குறை காணாதீர்கள். ஒரே வார்டில் இரண்டு சுப்பிரமணியம் படுத்திருப்பது நடக்கிற விஷயம்தான்.

உங்கள் அப்பா விஷயத்தில் எனக்கு உறுத்துவது வேறு. ஊருக்குப் போனபோது மதுரையிலோ திருச்சியிலோ யாராவது மருத்துவரைப் பார்த்தாரா? அங்கே வாங்கிய மாத்திரை இங்குள்ள எந்தக் கணினியிலும் ஏறாது. ஜொகூரில் வாங்கியதும், தேக்காவில் வாங்கிய சித்த மருந்தும் அப்படியே. இங்கே பலதுறை மருந்தகம் மெட்ஃபார்மினும் கிளிபிசைடும் கொடுத்திருக்கும். ஊரிலிருந்து வந்த அட்டையில் கிளைக்கோமெட் ஜிபி என்று இருக்கும். அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் கிளிமெபிரைடு, மெட்ஃபார்மின் இரண்டும் ஒரே மாத்திரைக்குள். கிளிபிசைடும் கிளிமெபிரைடும் ஒரே வகை, இரண்டுமே சர்க்கரையை இறக்குபவை. பெயர் வேறாக இருப்பதால் வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் விழுங்குகிறார்கள். அப்புறம் சர்க்கரை இறங்கி மயக்கம். அவசரப் பிரிவு மருத்துவருக்குத் திரையில் தெரிவது இங்கே எழுதிக் கொடுத்த பட்டியல் மட்டும். அப்பா வாயில் போடுவது என்ன என்று அதற்குத் தெரியாது, அதனால்தான் கேட்கிறார்கள்.

எனவே இந்த வாரமே வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும், எண்ணெய் லேகியம் உட்பட, ஒரு பையில் போட்டு அடுத்த சந்திப்புக்குக் கொண்டுபோங்கள். தொலைபேசியில் படம் எடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், பின்பக்கம் படத்தில் விழாது. மருந்தாளரிடம் பையைக் கொட்டி, எதை நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். பழைய மருந்து பட்டியலில் கிடந்தால் நீக்கச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் அது அங்கேயேதான் கிடக்கும். அலர்ஜி என்றால் மருந்தின் பெயரோடு, அரிப்பா, முகம் வீங்கியதா, மூச்சு திணறியதா என்பதையும் சொல்லிப் பதியச் சொல்லுங்கள். வெறும் வயிற்றுப்போக்கை அலர்ஜி என்று பதிந்துவிட்டால், பிறகு தேவைப்படும் நேரத்தில் நல்ல ஆன்டிபயாட்டிக்கைக் கொடுக்கத் தயங்குவார்கள்.