கூடாரமும் பத்திரமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் மகன் வீட்டில் சில மாதங்கள் இருந்துவிட்டு இப்போதுதான் திரும்பினேன். நகரத்தின் நடுவிலேயே தெருத்தெருவாகக் கூடாரங்கள். பணக்கார நாட்டில் இப்படியா என்று மகனைக் கேட்டேன். “எல்லாம் போதைப் பழக்கம். குளிர் இல்லாத ஊர் என்று எங்கெங்கிருந்தோ வந்து சேர்கிறார்கள்” என்றான். அரசாங்கம் கோடிகோடியாகக் கொட்டுகிறது. கூடவே ‘இன நீதி’ என்றும் பேசுகிறது. வீடில்லாதவன் எந்த நிறமாக இருந்தால் என்ன? மகன் இருக்கும் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இந்த வீடற்றவர்களுக்கு அடுக்குமாடி கட்டப்போகிறார்களாம். அதை எதிர்க்கும் மனுவில் மகனும் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அவன் செய்தது தப்பா?

ஆர்.எம்., திருச்சி

அன்புள்ள ஆர்.எம்.,

குளிர் இல்லாத ஊர் என்று வந்தவர்கள் என்பதை முதலில் முடித்துவிடலாம். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ மருத்துவ வளாகத்தினர் மாநிலம் முழுவதும் வீடற்றவர்களைச் சந்தித்து 2023-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பது பேர் கடைசியாக வீட்டில் இருந்தது கலிஃபோர்னியாவிலேதான். நான்கில் மூன்று பேர் வீடு இருந்த அதே கவுண்டியில்தான் (நம் மாவட்டம் மாதிரி) தெருவிலும் இருக்கிறார்கள். தெருவுக்கு வருவதற்கு முந்தைய மாதங்களில் அவர்களுடைய குடும்ப வருமானத்தின் நடுமதிப்பு மாதம் 960 டாலர். அந்தத் தொகைக்கு அங்கே என்ன வாடகை வீடு கிடைக்கும் என்று உங்கள் மகனிடமே கேளுங்கள்.

போதை விஷயத்தில் பாதி உண்மை இருக்கிறது. தெருவில் இருப்பவர்களில் பலர் பழக்கத்தில் இருக்கிறார்கள், சிலர் தெருவுக்கு வந்த பிறகு பழகியவர்கள். ஆனால் போதை மருந்தால் சாகிறவர்கள் விகிதத்தில் பல ஆண்டுகளாக முதலிடத்தில் இருந்த மாநிலம் மேற்கு வர்ஜீனியா. அங்கே வீடற்றவர் விகிதம் கலிஃபோர்னியாவில் பாதிகூட இல்லை. அங்கே வாடகை மலிவு. பழக்கத்தில் இருப்பவருக்கும் தலைக்கு மேல் கூரை இருக்கிறது, அவ்வளவுதான்.

கோடையில் ஊர்க் கிணற்றில் தண்ணீர் கீழே போகும்போது முதலில் வெறும் வாளியோடு திரும்புகிறவர் கயிறு குட்டையானவர். அவரிடம் போய் ஏன் உன் கயிறு குட்டை என்று கேட்கலாம். நோய், குடி, மணமுறிவு, வேலை போனது என்று ஒவ்வொருவரிடமும் ஒரு பதில் இருக்கும். ஆனால் போன வருடமும் அதே கயிறுதான், அப்போது எட்டியது. லாஸ் ஏஞ்சலஸில் கீழே போன தண்ணீர் என்பது ஏழைகள் வாடகை கொடுக்கக்கூடிய வீடுகள்.

அப்புறம்தான் உங்கள் நிறக் கேள்வி வருகிறது. குட்டைக் கயிறு ஏன் ஒரு சாராரிடம் மட்டும் இவ்வளவு அதிகமாக இருக்கிறது?

அந்தக் கவுண்டியின் மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் பத்தில் ஒருவர்கூட இல்லை. வீடற்றவர்களில் மூன்றில் ஒருவர் அவர்கள். நாடு முழுவதும் இதே கதை: 2024 ஜனவரிக் கணக்கெடுப்பில் வீடற்றவர்கள் 7,71,480 பேர், அதில் சுமார் 32 சதவீதம் கறுப்பினத்தவர். மக்கள்தொகையில் அவர்கள் பங்கு 12 சதவீதம். வறுமை மட்டும்தான் காரணம் என்றால் ஏழைகளில் அவர்கள் பங்கும் இதே அளவு இருக்க வேண்டும். இல்லை, அது இதைவிடக் குறைவு.

நீங்கள் கடன் பிரிவில் இருந்தவர் என்பதால் இதற்கு மேல் சொல்வது எளிது. ஈடாக வைக்கும் சொத்தை மதிப்பிடுவீர்கள், வில்லங்கம் பார்ப்பீர்கள். 1930-களில் அமெரிக்காவின் மத்திய அரசு நிறுவனம் ஒன்று நகரங்களின் வரைபடங்களில் கடனுக்கு உகந்த பகுதிக்குப் பச்சை, ஆபத்தான பகுதிக்குச் சிவப்பு என்று வண்ணம் தீட்டியது. கறுப்பினத்தவர் வாழும் பகுதி என்றால் அநேகமாகச் சிவப்புதான். லாஸ் ஏஞ்சலஸின் பாயில் ஹைட்ஸ் பகுதி பற்றிய 1939 குறிப்பில், பல இனத்தார் கலந்து வாழ்வதையே குறையாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதே காலத்தில், 1934-இல் தொடங்கிய மத்திய வீட்டுவசதி நிர்வாகம் வங்கிகளின் வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. அந்த உத்தரவாதம்தான் அமெரிக்க நடுத்தர வர்க்கத்துக்குச் சொந்த வீடு கொடுத்தது. கறுப்பினத்தவருக்கு அது ஏறக்குறைய மூடிய கதவு. கடன் வாங்குகிறவரின் சம்பளச் சான்றிதழைப் பார்க்காமல் தெருவின் பெயரைப் பார்த்தே விண்ணப்பத்தை ஒதுக்கச் சொல்லும் சுற்றறிக்கை உங்கள் கிளைக்கு வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்?

பத்திரங்கள் இன்னும் வெளிப்படையானவை. இந்த மனையை வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று கிரயப் பத்திரத்திலேயே நிபந்தனை எழுதினார்கள். வெஸ்ட் ஆடம்ஸ் பகுதியில் ‘சுகர் ஹில்’ என்ற மேட்டில் வசதியான கறுப்பினக் குடும்பங்கள் சில வீடு வாங்கின. ஆஸ்கர் விருது பெற்ற முதல் கறுப்பினக் கலைஞரான ஹேட்டி மெக்டேனியலும் அதில் ஒருவர். அக்கம்பக்கத்தார் நிபந்தனையைக் காட்டி அவர்களை வெளியேற்ற வழக்குப் போட்டார்கள். லோரன் மில்லர் என்ற கறுப்பின வழக்கறிஞர் வாதாடினார். 1945 டிசம்பரில் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். 1948-இல் நாட்டின் உச்ச நீதிமன்றமே இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்றது. வென்றாயிற்று. பிறகு நெடுஞ்சாலை வந்தது. சான்டா மோனிகா விரைவுச்சாலையைச் சுகர் ஹில்லின் குறுக்கே போட்டார்கள்.

1963-இல் கலிஃபோர்னியா சட்டமன்றம் வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டைத் தடை செய்தது. மறு வருடமே வாக்காளர்கள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளோடு அந்தத் தடையை ரத்து செய்தார்கள். தாராள மனசுள்ள மாநிலம் என்று பெயரெடுத்த இடத்தில்! 1967-இல் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தைச் செல்லாததாக்கியது. நாடு முழுவதற்குமான நியாய வீட்டுவசதிச் சட்டம் 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஒரு வாரத்தில் வந்தது. அதற்குள் இரண்டு தலைமுறை கழிந்துவிட்டது. அமெரிக்காவில் சாதாரணக் குடும்பம் சேர்த்துவைக்கும் சொத்து என்றால் பெரும்பாலும் வீடுதான். தாத்தாவுக்கு வீடு இல்லையென்றால், பேரன் வேலையை இழந்த மாதத்தில் போய்த் தங்கச் சித்தப்பா வீட்டுப் பின்னறையும் இருக்காது.

இதை அரசாங்கத்தின் குரலிலேயே சொன்ன ஆவணம் ஒன்று உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் வீடற்றோர் சேவை ஆணையம் கறுப்பினத்தவரிடையே உள்ள வீடின்மை பற்றித் தனிக் குழு அமைத்து 2018 டிசம்பரில் அறிக்கை வெளியிட்டது. வீடு, சிறை, வேலை, குழந்தைகள் நலம் என்று எல்லா அரசு அமைப்புகளும் சேர்ந்து செய்த வேலை இது என்றது.

சரி, அப்படியானால் இன நீதி என்றால் கறுப்பினத்தவருக்கு முதலில் வீடா? கிடையாது. அப்படிக் கொடுக்கவும் முடியாது. வாடகைக்கு விடும்போது இனம் பார்க்கக் கூடாது என்ற 1968 சட்டம் எல்லாத் திசையிலும்தான் பொருந்தும். செய்யக்கூடியது விதிகளைத் துருவிப் பார்ப்பது. நல்ல உதாரணம் ஒரு கேள்வித்தாள். வீடுகள் குறைவு, கேட்பவர்கள் அதிகம், ஆகவே யாருக்கு அவசரம் என்று மதிப்பெண் போட அமெரிக்க நகரங்கள் பலவும் ஒரு கேள்வித்தாளைப் பயன்படுத்தின. போதை ஊசி போடுகிறாயா, பணத்துக்காக உடலுறவு கொண்டதுண்டா, யாரையாவது தாக்கியிருக்கிறாயா என்கிற மாதிரிக் கேள்விகள். முன்பின் தெரியாத ஒருவர் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு கேட்பார். ஆமாம் என்று சொல்லச் சொல்ல மதிப்பெண் ஏறும். அரசு ஊழியரிடம் உண்மையைச் சொல்லிப் பிள்ளையையோ சுதந்திரத்தையோ இழந்த சமூகம் எத்தனை தடவை ஆமாம் சொல்லும்? வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கு மதிப்பெண் குறைவாக விழுவதை ஆய்வுகள் காட்டின. பிறகு அதை உருவாக்கியவர்களே படிப்படியாகக் கைவிடுவதாக அறிவித்தார்கள். லாஸ் ஏஞ்சலஸும் வேறு கேள்விகளை உருவாக்கும் வேலையில் இறங்கியது. நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாத தாள் அது. நிறம் எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.

பணம் வீணாகிறது என்ற கோபத்தில் நானும் உங்கள் கட்சி. 2016-இல் நகர வாக்காளர்கள் 120 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள், பத்தாண்டில் 10,000 வீடுகள் என்பது பேச்சு. ஒரு வீட்டுக்குச் சராசரியாக 6 லட்சம் டாலர் அளவுக்கு ஆனது. அந்த வீடற்றோர் ஆணையத்தின் கணக்குவழக்கும் தணிக்கையில் அடி வாங்கியது. 2025 ஏப்ரலில் கவுண்டி 30 கோடி டாலருக்கு மேல் நிதியை அதனிடமிருந்து எடுத்துத் தன் சொந்தத் துறைக்கு மாற்ற முடிவு செய்தது. ஆனால் ஒரு வீடு ஏன் 6 லட்சம் ஆகிறது? நிலம், கூலி, ஐந்தாறு இடங்களில் நிதி திரட்டுவது எல்லாம் உண்டு. அதோடு, மனு, வழக்கு, ஒத்திவைப்பு என்று தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி ஏறுகிறது. உங்கள் மகனின் கையெழுத்து அந்தக் கணக்கில் சேரும்.

நடத்திக் காட்டிய இடங்களும் இருக்கின்றன. நாடு முழுவதும் முன்னாள் ராணுவத்தினருக்கு வாடகையின் பெரும்பகுதியை அரசே கட்டும் சீட்டும் கூடவே சிகிச்சையும் கொடுத்ததில், அவர்களில் வீடற்றவர்கள் 2010 முதல் 2024 வரை பாதிக்கு மேல் குறைந்தார்கள். ஹூஸ்டனில் 2011-இலிருந்து 60 சதவீதத்துக்கு மேல் குறைவு. இரண்டிலும் முறை ஒன்றுதான்: முதலில் சாவியைக் கொடு, குடியை விடு என்பதெல்லாம் உள்ளே வந்த பிறகு. நியூயார்க்கில் 1992-இல் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் தொடங்கிவைத்த வழி இது. இப்போது காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது. வெளியில் படுத்துத் தூங்குவதற்குத் தண்டனை கொடுக்கலாம் என்று 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-3 என்று தீர்ப்பளித்தது. 2025 ஜூலையில் ட்ரம்ப் ஒரு நிர்வாக ஆணையில் ‘முதலில் வீடு’ முறைக்கான மத்திய ஆதரவை நிறுத்தச் சொன்னார். பலன் தரும் முறையை நிறுத்திவிட்டுப் பலன் தராததற்குப் பணம் போடும் விந்தை.

மகன் செய்தது தப்பா என்று கேட்டீர்கள். தப்புதான். பயப்பட்டது தப்பில்லை. அவனுடைய தெரு 1948-க்கு முன்னால் மனை போட்ட தெரு என்றால், வீடு வாங்கும்போது வந்த காகிதக் கட்டைப் புரட்டச் சொல்லுங்கள். இனத்தைக் காட்டி விதித்த நிபந்தனை எதுவும் செல்லாது என்று மேலே ஒரு குறிப்பு இருக்கும், அதற்கடியில் பழைய நிபந்தனை இருந்தாலும் இருக்கும். அந்த வரிகளைத் தேடி நீக்கும்படி கவுண்டிப் பதிவாளர்களுக்கு மாநிலம் 2021-இல்தான் சட்டம் போட்டது. வெள்ளையர் அல்லாதவர் என்று எழுதினார்களே, அதில் திருச்சிக்காரரும் சேர்த்தி.

கையெழுத்தை அவன் திரும்பப் பெறலாம். அதைவிட உபயோகமானது பொது விசாரணைக் கூட்டத்துக்குப் போவது. எத்தனை பேருக்கு ஒரு சமூகப் பணியாளர், இரவில் கட்டடத்தில் பொறுப்பாக யார் இருப்பார், பத்து வருடம் கழித்துக் குழாய் உடைந்தால் பழுதுபார்க்கப் பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று கேட்கட்டும். குடிவரப்போகிறவர்களுக்கும் இந்தக் கேள்விகள்தான் முக்கியம். பேச ஆளுக்கு ஓரிரு நிமிடம்தான் கொடுப்பார்கள், எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.