சிக்குன்குனியா போயும் விரல் மூட்டு வலி போகவில்லை என்றால்

ரத்தத்தில் வைரஸ் இன்னும் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, பெரும்பாலும் ஒரு வாரத்தில் போய்விடும். ஆனால் காய்ச்சல் விட்டு மூன்று மாதமாகியும் உங்கள் விரல் மூட்டு வலிப்பது நிஜம், ‘எல்லாம் மனசுதான்’ என்றவர்கள் பேச்சை விடுங்கள்.

மூட்டுச் சவ்வில் வைரஸின் மிச்சத் துணுக்குகள் தங்கிவிடுகின்றனவா, இல்லை கிளம்பிய நோயெதிர்ப்பு அடங்க மறுக்கிறதா என்பது இன்னும் விவாதம்தான். எனக்கு இரண்டும் சேர்ந்தே என்று படுகிறது.

காலையில் பல் பிரஷைப் பிடிக்க முடியாத விறைப்பு அரை மணிக்கு மேல் நீடிக்கிறதா, வீக்கம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மூட்டுவாத மருத்துவரிடம் போய் ஆன்டி சிசிபி என்ற ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். பாசிட்டிவ் என்றால் முடக்குவாதமாக (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) இருக்கலாம், சிகிச்சையே வேறு. சிக்குன்குனியாவைக் கண்டறிய எடுக்கும் ஐஜிஎம் ரத்தப் பரிசோதனை மறுபடி வேண்டாம், அது மாதக்கணக்கில் பாசிட்டிவாகவே காட்டலாம்.

அப்புறம், மருந்துக்கடையில் நீங்களாக ஸ்டீராய்டு வாங்கிப் போடாதீர்கள்.