முதல் வாத்தியம் பியானோவாக இருக்கலாமா?

வணக்கம்.

எங்கள் மகளுக்கு ஆறரை வயது. தோழி வீட்டில் பியானோவைத் தொட்டுப் பார்த்ததிலிருந்து அதுதான் வேண்டும் என்கிறாள். முதலில் 61 கட்டை கீபோர்டு வாங்கலாம், இரண்டு வருடம் தாக்குப்பிடித்தால் பியானோவைப் பார்க்கலாம் என்பது கணவரின் யோசனை. மாமியார் கர்நாடக இசை கற்றவர். "பாட்டுதான் முதலில். பியானோவில் கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) வராது, பிள்ளைக்குக் காது கெட்டுப்போகும்" என்கிறார். இதற்கிடையே தெரிந்தவர் ஒருவர் பழைய ஜப்பானிய அப்ரைட் (செங்குத்தாக நிற்கும்) பியானோவைச் சகாய விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடியில், லிஃப்ட் சிறியது. எதைச் செய்வது?

எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

ஆறரை வயதில் பியானோ தொடங்கலாம், நல்ல தொடக்கம்தான். 61 கட்டை கீபோர்டு வேண்டாம். அந்த அப்ரைட்டும் இப்போதைக்கு வேண்டாம். நிஜப் பியானோபோல் அழுத்தக் கனமாக இருக்கும், எடை வைத்த 88 கட்டைகள் உள்ள டிஜிட்டல் பியானோவாக வாங்குங்கள். மாமியாரிடம் பாட்டும் நடக்கட்டும், இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காது.

வயலினில் சரியான ஸ்வரத்தை விரல் தேடிப் பிடிக்கவே மாதக்கணக்கில் ஆகும். புல்லாங்குழலில் ஊதி ஒலி வரவழைப்பதே ஒரு வேலை. கிடாரில் விரல் நுனி வலிக்கும். பியானோவில் அழுத்தினால் முதல் நாளே சுத்தமான ஒலி வரும். அதனால் குழந்தையின் கவனம் தொடக்கத்திலேயே தாளத்துக்கும் நோட்டேஷன் (தாளில் எழுதிய இசைக் குறியீடு) வாசிப்பதற்கும் போகிறது. கட்டைகளின் அமைப்பும் கண்ணுக்குத் தெரிகிறது: இரண்டு கறுப்பு, மூன்று கறுப்பு என்று மாறி மாறி வரும். இரண்டு கறுப்புக் கட்டைகளுக்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கட்டை எப்போதும் 'சி' என்ற ஸ்வரம்தான். இதைப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டு 88 கட்டைகளிலும் எல்லா 'சி'யையும் குழந்தை தானே கண்டுபிடித்துவிடும்.

ஒரு குறை உண்டு. வயலினில் கால் அளவு, அரை அளவு என்று குழந்தைகளுக்கான வாத்தியங்கள் உண்டு. பியானோவில் அது கிடையாது. பெரியவர்களுக்கும் குழந்தைக்கும் ஒரே கட்டைதான், ஒரு ஆக்டேவ் (ஒரு 'சி'யிலிருந்து அடுத்த 'சி' வரையிலான தூரம்) சுமார் 16.5 செ.மீ. அகலம். உங்கள் மகளின் கை அதை எட்டாது, எட்டவும் வேண்டாம். ஆரம்பப் பாடங்கள் ஐந்து விரலுக்கு ஐந்து கட்டை என்ற அளவில்தான் இருக்கும். சினிமாப் பாட்டு சீக்கிரம் வரவேண்டுமென்று கையை விரிக்க வைத்தால் மணிக்கட்டு இறுகிவிடும். அந்த இறுக்கம் பிறகு லேசில் போகாது.

இனி கணவரின் யோசனை. பியானோவில் கட்டையை அழுத்தினால் உள்ளே ஃபெல்ட் பொதிந்த சுத்தியல் எழும்பிக் கம்பியை அடிக்கிறது. கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே அந்தச் சுத்தியல் கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டு, கடைசி ஓரிரு மில்லிமீட்டரைத் தானாகவே பறந்து கடக்கும். ஆகவே ஒலி பெரிதா சிறிதா என்பது கட்டை எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. கட்டை இறங்கும் ஆழம் ஏறக்குறைய 10 மி.மீ., அதை இறக்க வேண்டிய பளு ஏறக்குறைய 50 கிராம். இந்தச் சின்ன இடத்துக்குள் வேகத்தைக் கூட்டிக் குறைக்க விரல் பழகுவதுதான் பியானோ கற்பது. ஃப்ளோரன்ஸில் பார்த்தொலொமேயோ கிறிஸ்தோஃபோரி 1700 வாக்கில் இந்தப் பொறியமைப்பைச் செய்ததே இதற்காகத்தான். அதற்கு முன்பிருந்த ஹார்ப்சிகார்டில் எப்படி அழுத்தினாலும் ஒலி கிட்டத்தட்ட ஒரே அளவுதான். விலை மலிவான கீபோர்டுகள் பல குழந்தையை அந்த இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்துகின்றன. தொட்டாலே சத்தம் வரும், விரலுக்கு வேலையே இல்லை. போதாததற்கு தானாகத் தாளம் போடும் ரிதம் பொத்தானும், ஒரு விரலால் அழுத்தினாலே பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் ஒரு விரல் கார்டும் இருக்கும். இடது கை ஒற்றைக் கட்டையை அழுத்திவிட்டுச் சும்மா இருந்துவிடும். இரண்டு வருடம் இப்படிப் பழகியபின் பியானோ முன் உட்கார்ந்தால் பாதி ஸ்வரங்கள் கேட்கவே கேட்காது. சலிப்பு வந்து விட்டுவிடுகிற பிள்ளைகளில் பலருக்கு ஆர்வம் இருக்கத்தான் செய்தது, வாத்தியம்தான் தவறு.

கடையில் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் கையால் சோதியுங்கள். ஒரே கட்டையை மெதுவாக ஒரு முறை, ஓங்கி ஒரு முறை அழுத்துங்கள். சத்தம் மட்டுமல்லாமல் ஒலியின் தன்மையும் மாற வேண்டும், ஓங்கி அடித்தால் ஒலி பிரகாசமாக இருக்க வேண்டும். அடுத்து, மிக மிக மெதுவாக அடிவரை இறக்குங்கள். நிஜப் பியானோவில் அப்போது சத்தமே வராது, நல்ல டிஜிட்டலும் பெரும்பாலும் அப்படியே நடந்துகொள்ளும். இடக்கோடியில் உள்ள கட்டை வலக்கோடியில் உள்ளதைவிடக் கொஞ்சம் கனமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். யமஹா, கசியோ, ரோலண்ட் மூன்றிலுமே ஆரம்ப நிலை மாடல்களில் இது கிடைக்கும். நூற்றுக்கணக்கான ஒலிகள் இருக்கின்றன என்று விற்பனையாளர் காட்டினால் அதற்காகக் காசு கொடுக்க வேண்டாம். அந்தப் பணத்தை ஸ்டாண்டுக்கும் நாற்காலிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நல்ல பியானோவை வாங்கி டைனிங் டேபிள் மேல் வைத்துவிடுகிறார்கள். டேபிளின் உயரமே 75 செ.மீ. இருக்கும், அதன்மேல் வைத்தால் கட்டைகள் 80 செ.மீ.யைத் தாண்டிவிடும். குழந்தை தோளைத் தூக்கிக்கொண்டு வாசிக்கும். தரையிலிருந்து கட்டையின் மேற்பரப்பு 72, 73 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். உட்கார்ந்த நிலையில் முழங்கை கட்டையின் மட்டத்திலோ ஒரு விரற்கடை மேலேயோ இருக்கும்படி நாற்காலியை உயர்த்துங்கள். அமுங்கிப்போகும் தலையணை வேண்டாம், கெட்டியான மெத்தைப் பலகை வையுங்கள். உயர்த்தினால் கால் அந்தரத்தில் தொங்கும், உடம்பு முன்னால் சரியும். பாதத்துக்கு அடியில் ஒரு மணைப்பலகையோ மரப்பெட்டியோ போடுங்கள். பெருக்கல் குறி வடிவ ஸ்டாண்டு ஆடும், முட்டியும் இடிக்கும். நான்கு கால் உள்ளதே நல்லது. பெடலுக்கு இப்போது அவசரமில்லை.

அந்த ஜப்பானிய அப்ரைட் நல்ல வாத்தியமாகவே இருக்கலாம். ஆனால் அதன் எடை 200 கிலோவுக்கு மேல் இருக்கும், மூன்று மாடிப் படியில் ஏற்றுவது தெரிந்த ஆட்களுக்கே சிரமம். உள்ளே 220-க்கும் மேற்பட்ட கம்பிகள், அத்தனையும் சேர்ந்து பல டன் இழுவிசையில் நிற்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒலிப்பலகை ஈரம் குடித்து உப்பும், சுருதி ஏறும். சித்திரை வெயிலில் காய்ந்து சுருங்கும், சுருதி இறங்கும். வருடத்துக்கு இரண்டு முறையாவது சுருதி கூட்டும் ட்யூனர் வர வேண்டும். அவர் வெளியூரிலிருந்து வருபவரானால் பயணச் செலவும் உங்களுடையதுதான். அப்படியும் ஆசையிருந்தால் ட்யூனர் ஒருவரை அழைத்துப்போய் மேல்மூடியைத் திறந்து காட்டுங்கள்: கம்பியில் துரு, ஃபெல்ட்டில் பூச்சி அரித்த ஓட்டை, சாவி போட்டதும் வழுக்கிச் சுழலும், கம்பி சுற்றிய முளைகள். முளை தளர்ந்திருந்தால் எத்தனை முறை சுருதி கூட்டினாலும் நிற்காது. இன்னொன்றையும் கவனியுங்கள். கம்பி அறுந்துவிடும் என்று பயந்து சிலர் முழு வாத்தியத்தையும் அரை ஸ்வரம் (பக்கத்துக் கட்டை அளவு) இறக்கி வைத்திருப்பார்கள். போனில் ட்யூனர் செயலியைத் திறந்து நடு 'சி'க்கு (கட்டைகளின் நடுவில் உள்ள 'சி') மேலே உள்ள 'ஏ'யை அழுத்துங்கள். 440 ஹெர்ட்ஸ் காட்ட வேண்டும், 415 காட்டினால் அந்த வாத்தியத்தை விட்டுவிடலாம்.

மாமியார் சொல்வதில் உண்மை இருக்கிறது. பியானோவில் ஸ்வரங்களுக்கு இடையே வழியில்லை. தோடி ராகத்தின் காந்தாரம் ('க') அசைவிலேயே வாழ்கிறது, எந்தக் கட்டையை அழுத்தினாலும் அது கிடைக்காது. அசையாத ஸ்வரத்திலும் வித்தியாசம் உண்டு. தம்புராவோடு இழைகிற அந்தர காந்தாரம் (உயர்ந்த 'க') ஷட்ஜத்திலிருந்து ('ச') 386 சென்ட் (ஸ்வர இடைவெளியை அளக்கும் அலகு), பியானோவில் அது 400. ஒரு அரை ஸ்வரம் 100 சென்ட் என்றால் இந்த 14 சென்ட் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள், பழகிய காதுக்கு உறுத்தும். அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஹார்மோனியத்தை ஒதுக்கி வைத்திருந்ததற்கு நிலையான ஸ்வரங்கள் பற்றிய இந்த ஆட்சேபமும் ஒரு காரணம். ஆகவே பாட்டுக்குத் தம்புராவோ சுருதிப் பெட்டியோதான் துணை, பியானோவை வைத்துக்கொண்டு பாட வேண்டாம்.

மறுபக்கமும் பாருங்கள். கர்நாடக இசையின் ஆரம்பப் பாடமான சரளி வரிசையை மாயாமாளவகௌளை ராகத்தில் 'சி'யிலிருந்து வாசித்தால் ச வெள்ளை, ரி அதை ஒட்டிய கறுப்பு, க, ம, ப மூன்றும் வெள்ளை, த கறுப்பு, நி வெள்ளை. ரி-க இடைவெளி எவ்வளவு பெரியது, க-ம எவ்வளவு நெருக்கம் என்பதைக் குழந்தை கண்ணால் பார்க்கும். பாட்டியிடம் ஐந்தரைக் கட்டைச் சுருதியில் ('ஜி ஷார்ப்') பாடுவாளானால் டிஜிட்டலில் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தானைத் தட்டி அதற்கு மாற்றிவிடாதீர்கள். 'சி'யை அழுத்தினால் 'ஜி ஷார்ப்' கேட்கும், கண்ணும் காதும் முரண்படும். பியானோவின் பங்கு வேறு: வாசிக்கும் ஒவ்வொரு சின்னப் பாட்டையும் வாய்விட்டுப் பாடச் சொல்லுங்கள். தானாகவே சுருதி சேர்ந்துவிடும் வாத்தியத்தில் காது சோம்பலாகிவிடும். அதற்கு மருந்து வாய்ப்பாட்டுதான், அந்த வகையில் உங்கள் வீட்டுக்குள்ளேயே நல்ல ஆசிரியை இருக்கிறார்.

தினம் 10 முதல் 15 நிமிடம் போதும், வாரத்தில் ஐந்து நாளாவது. ஞாயிறு ஒரு மணி நேரம் உட்கார்வதால் பயனில்லை. முதல் வருடம் யாராவது ஒருவர் பக்கத்தில் இருங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். நகம் நீண்டால் விரல் தட்டையாகப் படுக்கும், நுனிக்கணு உள்நோக்கி மடங்கும். கட்டைகளில் எழுத்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம், கண் தாளுக்கே போகாது. எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது, எந்த விரலால் அழுத்துவது என்று நோட்டேஷனில் போட்டிருக்கும் விரல் எண். கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. ஆரம்பப் பாடங்களில் வலது கட்டைவிரல் நடு 'சி'யில் இருப்பதால் 3 என்றாலே 'ஈ' என்று குழந்தை பாடம் செய்துவிடும். சரளமாக வாசிப்பதுபோல் தெரியும், ஆனால் நோட்டேஷனைப் பார்த்திருக்கவே மாட்டாள். கை 'ஜி'க்கு நகர்ந்த நாளில் எல்லாம் குலைந்துபோகும். எண்களைச் சின்னத் தாளால் மறைத்து வாசிக்கச் சொல்லிப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஆசிரியரைப் பார்க்கும்போது, மாணவர்களை எந்தத் தேர்வுக்கு அனுப்புகிறார் என்று கேளுங்கள். டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் தேர்வுகளில் பியானோ வேறு, எலக்ட்ரானிக் கீபோர்டு வேறு, பாடத்திட்டங்களும் வேறு. கீபோர்டு வகுப்பைப் பியானோ வகுப்பு என்று சொல்லிச் சேர்த்துக்கொள்கிறவர்களும் உண்டு. முதல் வருடம் தேர்வே வேண்டாம் என்பது என் கருத்து. மூன்று பாட்டுகளை மட்டும் மாதக்கணக்கில் உருப்போட வைத்தால் புதிய பாட்டைப் பார்த்து வாசிக்கும் திறன் வளராது. வாரம் ஒரு புதிய சின்னப் பாட்டு வேண்டும் என்று சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள்.