பாரிஸிலிருந்து நீஸ் போகும் வழியில் மார்செய் நகரத்தில் இறங்கிப் பார்க்கலாமா? திருட்டு அதிகம் என்கிறார்களே, ஒரு பகல் போதுமா?

தாராளமாக இறங்கலாம். ஆனால் ஒரு பகல் போதாது, இரண்டு இரவாவது தங்குங்கள். படிப்புக்காக இரண்டு வருடம் அங்கே இருந்தேன். இன்றைக்கும் எனக்கு மிகவும் பிடித்த கடலோர நகரம் அதுதான்.

பாரிஸிலிருந்து டிஜிவி என்ற அதிவேக ரயிலில் மூன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். சென் சார்ல் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் ஒரு பெரிய படிக்கட்டு இறங்கும், 104 படிகள். உடனே இறங்கிவிடாதீர்கள். அங்கிருந்தே தூரத்துக் குன்றின் மேல் ஒரு தேவாலயமும் அதன் உச்சியில் தங்கமுலாம் பூசிய மாதா சிலையும் தெரியும். ஊரில் எங்கே வழி தவறினாலும் அதுதான் அடையாளம்.

முதல் நாள் காலையில் பழைய துறைமுகத்துக்குப் போங்கள். கி.மு. 600 வாக்கில் கிரேக்கர்கள் வந்து இறங்கிய இடம். அன்று பிடித்த மீனை மீனவக் குடும்பங்கள் கரையிலேயே மேசை போட்டு விற்பார்கள். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பதால் சீக்கிரம் போவது நல்லது. பக்கத்தில் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த கண்ணாடி போன்ற பெரிய கூரை இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் நீங்களும் கூட்டமும் தலைகீழாகத் தெரிவீர்கள். குழந்தைகளுக்கு அதைவிட்டு வர மனசே வராது.

அங்கிருந்து 60ஆம் நம்பர் பஸ் பிடித்தால் நான் சொன்ன குன்றுக்கே போகலாம். தேவாலயத்தின் பெயர் நோத்ர தாம் தெ லா கார்த், ஆனால் ஊர்க்காரர்கள் 'பொன் மேர்', நல்ல அம்மா, என்றுதான் சொல்வார்கள். உள்ளே போனதும் மேலே பாருங்கள். கூரையிலிருந்து சின்னச் சின்னக் கப்பல் பொம்மைகள் தொங்கும். சுவரெங்கும் நன்றி சொல்லும் பளிங்குப் பலகைகள். புயலில் தப்பியவர்களும் நோய் தீர்ந்தவர்களும் செலுத்திய காணிக்கை. வேளாங்கண்ணியில் வெள்ளிக் காணிக்கைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்த ஊரில் அந்நியம் போனது அங்கே நின்றபோதுதான். வெளியே வந்தால் சுவரில், 1944இல் ஜெர்மானியரிடமிருந்து ஊரை மீட்ட சண்டையின் குண்டுத் தழும்புகளைப் பார்க்கலாம்.

மாலையில் துறைமுகத்தின் வடகரைக்கு வாருங்கள். கரையை ஒட்டிய பழைய வீடுகளை 1943இல் ஜெர்மானியப் படை வெடிவைத்துத் தகர்த்தது. அதனால்தான் அங்கே கட்டடங்களெல்லாம் ஒரே மாதிரி இருக்கும். மேலே ஏறினால் தப்பித்த பகுதி, லெ பனியே: ஒடுங்கிய சந்துகள், காயப்போட்ட துணிகள், சுவர் ஓவியங்கள். அப்படியே சென் ஜான் கோட்டைக்குள் நுழைந்து, கடல்மேல் போகும் ஒல்லியான நடைபாலம் வழியாக 2013இல் திறந்த மூசெம் அருங்காட்சியகத்தின் மாடிக்குப் போய்விடலாம். கண்காட்சிக்குத்தான் டிக்கெட், கோட்டைக்கும் மாடிக்கும் காசு வேண்டாம். மூடும் நேரம்வரை கடலைப் பார்த்தபடி உட்காருங்கள்.

சாப்பாட்டில் எல்லோரும் பூயாபேஸ் மீன் குழம்பைச் சொல்வார்கள். நல்ல இடத்தில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், விலையும் கூட. என் சிபாரிசு பனிஸ். கொண்டைக்கடலை மாவைக் களி மாதிரிக் கிண்டி, ஆறவைத்து, வில்லையாக வெட்டி எண்ணெயில் பொரிப்பார்கள். சைவம் சாப்பிடுபவர்களுக்கு வரம். லெஸ்தாக் என்ற கடலோரப் பகுதியில் சுடச்சுடக் கிடைக்கும். கோடை மாதங்களில் பழைய துறைமுகத்திலிருந்து அங்கே படகே போகிறது. பயணமே பாதி சுகம்.

இரண்டாம் நாளைக் கலாங்குகளுக்கு முழுசாகக் கொடுங்கள். வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்த குடாக்கள் அவை. 2012 முதல் தேசியப் பூங்கா. லுமினி வரை பஸ்ஸில் போய், ஒரு மணி நேரம் நடந்தால் சுஜித்தோன் குடா. வழியில் தண்ணீர் கிடைக்காது, செருப்பில் நடக்க முடியாது. கோடையின் உச்சத்தில் அந்தக் குடாவுக்கு இணையத்தில் இலவச முன்பதிவு அவசியம். காட்டுத்தீ அபாயம் இருந்தால் பாதையையே மூடிவிடுவார்கள். கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது மசார்க் என்ற பகுதியில் இறங்கினால் ஒரு போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1914 செப்டம்பரில் முதல் உலகப் போருக்காக இந்தியப் படையினர் கப்பலிறங்கியது மார்செய்யில்தான். ஊர் திரும்பாத இந்தியர்களுக்கு அங்கே நினைவிடம் உண்டு. பத்து நிமிடமாவது நின்றுவிட்டு வாருங்கள்.

திருட்டுப் பயம் பொய்யில்லை. கைபேசியை ஹோட்டல் மேசைமேல் வைக்காதீர்கள், கூட்டத்தில் பையை முன்பக்கம் மாட்டுங்கள், வாடகைக் கார் எடுத்தால் உள்ளே ஒரு துணிப்பைகூட விட்டுப் போகாதீர்கள். இரவில் ஸ்டேஷன் பக்கம் சுற்ற வேண்டாம். இவ்வளவு கவனம் போதும்.

தேதி உங்கள் கையில் என்றால் செப்டம்பரில் போங்கள். கூட்டம் குறைந்திருக்கும், கடலும் வெதுவெதுப்பாக இருக்கும். மிஸ்திரால் என்ற வடகாற்று வீசும் நாளில், ஊருக்கு எதிரே கடலில் இருக்கும் தீவுகளுக்குப் போகும் படகு நிற்கலாம். அன்றைக்கு மறுபடியும் பொன் மேர் குன்றுக்கே ஏறிவிடுங்கள். காற்று வானத்தைத் துடைத்து வைத்திருக்கும். இஃப் தீவின் சிறைக்கோட்டை கல்லெறி தூரத்தில் இருப்பது போலத் தெரியும்.