மனுவில் ஏறக்கூடாத வரிகள்

வணக்கம் மேடம்,

நெல்லிக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். என் தங்கையைப் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் கொடுத்தோம். இரண்டு வருடமாக எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். பிள்ளை இல்லை. தனியார் பள்ளியில் டீச்சர். ஒரு வக்கீல் மூன்றே மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்கிறார். இன்னொருவர், மாமியார், காரைக்காலில் வாழ்க்கைப்பட்ட நாத்தனார் எல்லோர் பேரையும் சேர்த்துப் போலீசில் புகார் கொடுங்கள், வழிக்கு வருவார்கள் என்கிறார். தங்கையின் சம்பளத்தைக் காட்டினால் ஜீவனாம்சம் கிடைக்காதாம். அப்பாவோ, வக்கீல் வீட்டு வாசப்படி ஏறினாலே குடும்பம் போச்சு என்கிறார். இப்படி ஒரு வழக்கு வந்தால் நீங்கள் எப்படி நடத்துவீர்கள்?

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று மாதம் என்றவர் பாதியைச் சொல்லியிருக்கிறார். இருவரும் ஒத்துக்கொண்டு இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் விவாகரத்து மனுப் போட்டாலும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைத் தளர்த்தலாம் என்று 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் நகை, பணம் எல்லாம் பேசி முடிந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை சம்மதிக்காவிட்டால் அது வருடக்கணக்கில் இழுக்கும். தங்கை இருக்கும் ஊரிலேயே மனுப் போட 2003இல் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது, அதனால் கடலூர் குடும்ப நீதிமன்றமே போதும்.

என்னிடம் வருபவர்களை முதலில் நடந்ததைக் கையால் எழுதிவரச் சொல்வேன். பத்துப் பக்கம் வரும். குடிகாரன், ராட்சசி, பணப்பேய் என்று வசவாகவே இருக்கும். அதையெல்லாம் அடித்துவிட்டுத் தேதி, நடந்த சம்பவம், பார்த்தவர் யார், ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டால் ஒன்றரைப் பக்கம் தேறும். வழக்குக்கு அந்த ஒன்றரைப் பக்கம் போதும். கட்சிக்காரருக்கு என்மேல் கோபம் வரும், "நாங்க பட்டதை எல்லாம் எழுத மாட்டேங்கிறீங்களே" என்பார்கள். அடிக்காமல் விட்ட ஒவ்வொரு வசவுக்கும் எதிர்மனுவில் இரண்டாகத் திரும்பி வரும், அப்புறம் சமரசம் பேச முகம் இருக்காது.

விஜயகுமார் பாட்டே வழக்கைப் பாருங்கள். மனைவி போட்ட மனுவுக்குப் பதில் எழுதிய கணவர், அவர் நடத்தையைப் பழித்து எழுதினார். பின்னால் அந்த வரிகளை நீக்கிக்கொள்ள அனுமதி வாங்கினார். உச்ச நீதிமன்றம் 2003இல், எழுதியதே கொடுமைதான், நீக்கினாலும் அது இல்லையென்று ஆகாது என்று சொல்லி மனைவிக்குக் கிடைத்த விவாகரத்தை உறுதிசெய்தது. புதிதாக வரும் ஜூனியர்களுக்கு நான் முதலில் படிக்கக் கொடுப்பது இந்தத் தீர்ப்பைத்தான்.

புகாருக்கும் இதே கணக்குதான். தங்கையை அடித்திருந்தால் இன்றைக்கே கொடுங்கள், யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் காரைக்காலில் இருக்கும் நாத்தனார் என்ன செய்தார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. அவர் பேரைச் சேர்த்தால், நகையைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று நினைத்திருக்கும் மாமியாரும் மகளுக்கு முன்ஜாமீன் தேடி ஓடுவார். வழிக்கு வருவதெல்லாம் அதோடு நின்றுபோகும்.

சம்பளத்தை மறைக்காதீர்கள். ஜீவனாம்சம் கேட்டால் இருதரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்று 2020இல் ரஜ்னேஷ் வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. பொய் சொன்னால் அதற்குத் தனியாக மாட்டிக்கொள்வீர்கள். சம்பாதிக்கிறாள் என்பதாலேயே ஜீவனாம்சம் இல்லை என்று ஆகாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

அப்பா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. சில ஆபீஸ்களில் ஏறினால் குடும்பம் போகத்தான் செய்யும். ஆனால் இரண்டு வருடமாக வீட்டுக் கூடத்தில் நடந்த பஞ்சாயத்துகளால் என்ன மிச்சம் என்றும் அவரைக் கேளுங்கள்.

வருவதென்றால் கல்யாணப் பதிவுச் சான்று, நகை ரசீதுகள், சீர்வரிசை எழுதிய நோட்டு எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். நீங்களும் அப்பாவும் கொஞ்ச நேரம் வெளியே உட்கார வேண்டியிருக்கும். தங்கையிடம் நான் தனியாகப் பேச வேண்டும். இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், அவருக்கு விவாகரத்து வேண்டுமா என்று மட்டும் எங்கேயும் எழுதவில்லையே.